ண-வின் மூன்று சுழியும் தெரிகிறதா? லினக்ஸ் மிண்ட் சின்னமனின் டிஸ்ப்ளே செட்டிங்ஸ்

லிப்ரே ஆபீஸ் ரைட்டரைத் திறந்து, நோட்டோ சான்ஸ் டமில் எழுத்துருவில் 12 பாயின்ட் அளவில் 'எண்ணெய், மன்னன், கண்ணி, கன்னி' என்று அடித்துப் பாருங்கள். ஜூம் 100 சதவீதத்திலேயே இருக்கட்டும். மூன்றுசுழி ண-வில் மூன்று சுழியும், இரண்டுசுழி ன-வில் இரண்டு சுழியும் எண்ணிச் சொல்லும்படி தெரிந்தால் மானிட்டர் பெரும்பாலும் தன் சொந்த ரெசல்யூஷனில், அதாவது திரையில் உண்மையாகவே இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையில்தான் ஓடுகிறது. சுழிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு, கோடுகளின் ஓரம் சாம்பல் பூத்ததுபோல் இருந்தால் எங்கோ பிசகு. ஆங்கில எழுத்து கொஞ்சம் மங்கினாலும் படித்துவிடலாம். தமிழ் எழுத்து அப்படியில்லை. சுழி போனால் சொல்லே மாறிவிடும். அதனால் தமிழில் வேலை செய்கிறவர்களுக்குத் திரை அமைப்பு என்பது அலங்கார விஷயம் இல்லை.

இங்கே பார்க்கப்போவது லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்தின் 22 வரிசையில், சின்னமன் என்ற டெஸ்க்டாப்போடு வரும் பதிப்பு. 22 வெளியானது 2024 ஜூலையில், உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு. 2025 ஜனவரியில் வந்த 22.1-இல் சின்னமன் 6.4 சேர்ந்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததால், பழைய கணினிகளைத் தூக்கிப்போட மனமில்லாத பலர் மிண்ட் பக்கம் வருகிறார்கள். அந்தக் கணினிகளோடு பழைய மானிட்டரும், பழைய விஜிஏ கேபிளும் கூடவே வருகின்றன. ரெசல்யூஷன் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

டிஸ்ப்ளே ஜன்னல்

மெனுவில் சிஸ்டம் செட்டிங்ஸ், அதில் டிஸ்ப்ளே. மேலே மானிட்டர்கள் பெட்டிகளாக வரையப்பட்டிருக்கும். எது இடது, எது வலது என்பதை மவுஸால் இழுத்து அடுக்கலாம். பெட்டியைத் தொட்டதும் அதற்குரிய ரெசல்யூஷன், ரெஃப்ரெஷ் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்ற எண்), சுழற்றும் திசை, அளவுப் பெருக்கம் எல்லாம் வரும். அப்ளை அழுத்தியதும் புதிய அமைப்பு வேலை செய்கிறதா என்று ஒரு கேள்வி எழும். பதில் சொல்லாமல் விட்டால் சில விநாடிகளில் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். திரை கறுத்துப்போனால் பதறி பவர் பட்டனை அழுத்த வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு அரை நிமிடம் காத்திருங்கள், படம் திரும்பும்.

ஜன்னல் சுத்தமாக இருக்கிறது, வேலையும் ஒழுங்காகச் செய்கிறது. அதைத் திறக்கிறவர்களில் பலர் செய்யும் தவறு வேறு: எழுத்து சின்னதாக இருக்கிறது என்று ரெசல்யூஷனைக் குறைத்துவிடுகிறார்கள். 1920×1080 பேனலில் 1366×768 வைத்தால், கணினி அனுப்பும் ஒரு புள்ளி திரையின் 1.4 புள்ளிகளில் பரவ வேண்டும். அரைப் புள்ளி என்று எல்சிடி பேனலில் ஒன்று கிடையாது; அதனால் பக்கத்துப் புள்ளிகளோடு நிறத்தைக் கலந்து மானிட்டர் சமாளிக்கிறது. எழுத்து பெரிதாகும், கூடவே குழையும். ண-வின் நடுச்சுழி முதலில் மறையும். ரெசல்யூஷனை எப்போதும் பேனலின் சொந்த எண்ணிலேயே விடுங்கள். எழுத்தைப் பெரிதாக்க வேறு வழி இருக்கிறது.

பெரிதாக்கும் மூன்று வழிகள், அவற்றின் விலை

முதல் வழி, 200 சதவீதம். 4கே (3840×2160) பேனலுக்கு இது கச்சிதம். ஒரு புள்ளி சரியாக நான்கு புள்ளியாகிறது, எதுவும் குழையாது. ஆனால் 1080 வரிசை கொண்ட பேனலில் 200 வைத்தால் திரையில் இடமே இருக்காது.

இரண்டாவது, 125, 150, 175 என்ற பின்ன அளவுகள். இவை சின்னமன் 4.6-இல், 2020-இல் வந்தவை. டிஸ்ப்ளே ஜன்னலின் செட்டிங்ஸ் தாவலில் இதற்கான சுவிட்சை முதலில் போட வேண்டும். போட்டால்தான் அளவுப் பட்டியலில் இவை தோன்றும். இதன் உள்வேலையைத் தெரிந்துகொண்டால் பல குழப்பம் தீரும். சின்னமன் திரையில் வரையப் பயன்படுத்தும் அடித்தள மென்பொருளான எக்ஸ்11-இல் பின்ன அளவில் நேரடியாக வரைய வழியில்லை. சின்னமன் முதலில் எல்லாவற்றையும் 200 சதவீதத்தில் ஒரு பெரிய திரைக்கு வரைந்து, பிறகு அதைச் சுருக்கிப் பேனலுக்கு அனுப்புகிறது. 1920×1080 பேனலில் 125 சதவீதம் கேட்டால், உங்களுக்குக் கிடைக்கும் இடம் 1536×864. அதன் இரட்டிப்பு 3072×1728. இத்தனை புள்ளிகளை வரைந்து 1920×1080-க்குச் சுருக்க வேண்டும். கிராபிக்ஸ் சிப்புக்கு வேலை இரண்டரை மடங்கு. அதே பேனலில் 150 சதவீதம் என்றால் வரைய வேண்டியது 2560×1440 மட்டுமே, அதாவது 1.8 மடங்குக்குள். குறைவாகத்தானே பெரிதாக்குகிறோம் என்று 125-ஐத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகச் சுமையை ஏற்றுகிறார்கள். பழைய இன்டெல் சிப்பில் ஜன்னலை இழுக்கும்போது திக்குவதற்கும், வீடியோ ஓடும்போது விசிறி சத்தம் போடுவதற்கும் காரணம் இதுதான்.

4கே மானிட்டர் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டுக்கும் 125 போட்டால் மொத்த அகலம் 12288 புள்ளி. டெர்மினலில், திரை அமைப்பைக் காட்டவும் மாற்றவும் உதவும் எக்ஸ்ரேண்டர் என்ற கமாண்டை ஓட்டினால் முதல் வரியிலேயே அதிகபட்சம் எவ்வளவு என்று எண் வரும். அது 8192 என்றிருந்தால் அந்தக் கணினியில் இந்த அமைப்பு ஏறாது. மானிட்டரையோ கேபிளையோ மாற்றிப் பயனில்லை.

மூன்றாவது வழிதான் 1080 பேனல் வைத்திருப்பவர்களுக்குப் பரிந்துரைக்க வேண்டியது. டிஸ்ப்ளே ஜன்னலைத் தொடாமல், ஃபான்ட் செலக்ஷனுக்குப் போய் டெக்ஸ்ட் ஸ்கேலிங் ஃபேக்டர் என்ற எண்ணை 1.0-இலிருந்து 1.2 ஆக்குங்கள். எழுத்துகள் பேனலின் சொந்தப் புள்ளிகளிலேயே பெரிதாக வரையப்படும். சுருக்கல் இல்லை, கூடுதல் சுமை இல்லை, சுழிகள் கூர்மையாக நிற்கும். குறை ஒன்று உண்டு. ஐகான்களும் பட்டன்களும் எழுத்தோடு சேர்ந்து முழுமையாகப் பெரிதாகாது. டெஸ்க்டாப்பின் அடியில் மெனு பட்டன் இருக்கும் பட்டையின் (இதற்கும் பேனல் என்றே பெயர்) உயரத்தை 40-இலிருந்து 48 ஆக்குங்கள், டெஸ்க்டாப் ஐகானைப் பெரிதாக்குங்கள், அதுவே போதும். 15.6 அங்குல 1080 லேப்டாப் பேனலில் அங்குலத்துக்கு சுமார் 141 புள்ளிகள். 24 அங்குல மானிட்டரில் சுமார் 92. லேப்டாப்புக்கு 1.2 அல்லது 1.25 இதமாக இருக்கும். 24 அங்குலத்துக்கு 1.0 அல்லது 1.1 போதும்.

இந்த வழியை டிஸ்ப்ளே ஜன்னலிலேயே ஓரமாகச் சொல்லியிருக்கலாம். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று வருகிறவர்கள் ஃபான்ட் ஜன்னலைத் தேடிப் போக மாட்டார்கள்.

1024×768-க்கு மேல் வரவே மாட்டேன் என்கிறது

இதுதான் அதிகம் கேட்கப்படும் புகார், ஜன்னல் கைவிடும் இடமும் இதுதான். பட்டியலில் 1024×768, 800×600 மட்டும் இருக்கும். ஏன் என்று ஒரு வார்த்தை இருக்காது.

ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் ஒரு சிறு சிப்பில் ஈடிஐடி என்ற 128 பைட் குறிப்பு இருக்கிறது. நான் யார், என் சொந்த ரெசல்யூஷன் என்ன, என்னென்ன ரெஃப்ரெஷ் ரேட் தாங்குவேன் என்று அதில் எழுதியிருக்கும். கணினி அதை வாசித்துத்தான் பட்டியல் தயாரிக்கிறது. வாசிக்க முடியாவிட்டால், எந்த மானிட்டரும் தாங்கும் என்ற கணக்கில், இயங்குதளத்தின் மையப்பகுதியான லினக்ஸ் கர்னல் 1024×768 வரை மட்டும் கொடுக்கும். ஜன்னல் அந்தப் பட்டியலை அப்படியே காட்டுகிறது. ஆக, பெரும்பாலும் பழுது மென்பொருளில் இல்லை. மானிட்டரிலிருந்து குறிப்பு வந்து சேரவில்லை.

முதலில் கேபிளைப் பாருங்கள். விஜிஏ பிளக்கில் 15 ஊசி. படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் 1, 2, 3-இல் போகின்றன. ஈடிஐடி போவது 12, 15-இல். அந்தச் சிப்புக்கான 5 வோல்ட் போவது 9-இல். மலிவான கேபிள்களில் 9-ஆம் ஊசியே இருக்காது. சிலவற்றில் 12, 15-க்கு உள்ளே கம்பி இருக்காது. படம் வரும், குறிப்பு வராது. பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து நடுவரிசையில் ஓர் ஓட்டை காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முழு ஊசியுள்ள கேபிள் ஒன்றை மாட்டிப் பார்ப்பதுதான் முதல் சிகிச்சை. ஒரு கணினியை இரண்டு மானிட்டருக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர், ஒரே மானிட்டரையும் கீபோர்டையும் பல கணினிகளுக்கு மாற்றும் கேவிஎம் பெட்டி, எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் அடாப்டர் இவற்றிலும் குறிப்பு தடைபடுவதுண்டு. நடுவில் இருப்பதையெல்லாம் கழற்றி, நேரடியாக மாட்டிப் பாருங்கள்.

குறிப்பு வந்ததா என்பதை உறுதி செய்ய எக்ஸ்ரேண்டரை வெர்போஸ் என்ற விருப்பத்தோடு ஓட்டுங்கள். கமாண்டுகளை இங்கே உச்சரிப்பாக எழுதியிருந்தாலும், டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும்: எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர். ஈடிஐடி என்ற தலைப்பின் கீழ் 00, ஆறு முறை எஃப்எஃப், மறுபடி 00 என்று தொடங்கும் எண் வரிசை இருந்தால் குறிப்பு வந்திருக்கிறது. தலைப்பே இல்லையென்றால் வரவில்லை. சிஸ் ஃபோல்டருக்குள் கிளாஸ், அதற்குள் டிஆர்எம் என்று போனாலும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஈடிஐடி என்ற கோப்பு இருக்கும். அதன் அளவு எல்எஸ்-இல் எப்போதும் 0 என்றே காட்டும், அதை நம்ப வேண்டாம். கேட் கமாண்டால் கோப்பை வாசித்து, டபிள்யூசி கமாண்டின் மைனஸ் சி விருப்பத்தால் பைட்டுகளை எண்ணிப் பாருங்கள். 128 அல்லது 256 வந்தால் சரி.

கேபிள் நன்றாக இருந்தும், ஈடிஐடி வராமல், இணைப்பின் பெயரும் விஜிஏ, எச்டிஎம்ஐ என்று இல்லாமல் வெறும் டிஃபால்ட் என்று வந்தால் வேறு காரணம். நிறுவும்போது கறுப்புத் திரை வந்ததால் கம்பாட்டிபிலிட்டி மோடில் நிறுவியிருக்கலாம். அது கர்னலுக்கு நோமோட்செட் என்ற சொல்லைக் கொடுக்கும், நிறுவிய பின்னும் அந்தச் சொல் தங்கியிருக்கலாம். அது இருக்கும்வரை சிப்பின் உண்மையான டிரைவர் ஏறாது. என்விடியா அட்டையென்றால் டிரைவர் மேனேஜரில் பரிந்துரைக்கப்பட்ட டிரைவரைப் போட்டு மறுதுவக்கம் செய்யுங்கள். இன்டெல், ஏஎம்டி என்றால் ஈடிசி டிஃபால்ட் ஃபோல்டரில் உள்ள, கணினி தொடங்கும் விதத்தைச் சொல்லும் கிரப் கோப்பில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, சூடோ அப்டேட்-கிரப் ஓட்டி மறுதுவக்கம் செய்யுங்கள்.

ஈடிஐடி வரவில்லை என்ற செய்தி கர்னலுக்குத் தெரியும். 'மானிட்டரிலிருந்து விவரம் கிடைக்கவில்லை, கேபிளைச் சோதியுங்கள்' என்று டிஸ்ப்ளே ஜன்னலில் ஒரு வரி போட்டிருந்தால் எத்தனையோ பேருக்கு ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். மிண்ட் குழுவினர் மற்ற இடங்களில் காட்டும் அக்கறைக்கு இந்த ஒரு வரி பெரிய காரியமில்லை.

கையால் ரெசல்யூஷன் சேர்ப்பது

கேபிளை மாற்ற வழியில்லாதபோது மட்டும் இதைச் செய்யுங்கள். ஜன்னலில் இதற்கு இடமே இல்லை, டெர்மினல்தான்.

சி-வி-டி என்ற கமாண்டுக்குப் பின் 1920 1080 60 கொடுத்தால் மோட்லைன் என்று ஒரு வரி தரும்: பெயர், பிறகு 173.00 1920 2048 2248 2576 1080 1083 1088 1120, கடைசியில் எச்சிங்க், விசிங்க் என்ற இரண்டு சொற்கள், ஒவ்வொன்றின் முன்னும் பிளஸ் அல்லது மைனஸ் குறி. மோட்லைன் என்ற சொல்லை விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் எக்ஸ்ரேண்டரின் நியூமோட் விருப்பத்துக்குக் கொடுங்கள். அடுத்து ஆட்மோட் விருப்பத்தில் இணைப்பின் பெயரும் மோடின் பெயரும். கடைசியில் அவுட்புட், மோட் இரண்டும் கொடுத்தால் திரை மாறும்.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. முதலாவது 173 என்ற அந்த எண். அது விநாடிக்கு எத்தனை மெகா புள்ளி என்ற பிக்சல் கிளாக். விஜிஏ-வில் அது ஓடிவிடும். ஆனால் ஒற்றை இணைப்பு டிவிஐ-க்கும், 1.3-க்கு முந்திய எச்டிஎம்ஐ-க்கும் எல்லை 165. அங்கே சிஆர்டிசி அமைக்க முடியவில்லை என்று எக்ஸ்ரேண்டர் மறுத்துவிடும். சி-வி-டிக்கு ஆர் என்ற விருப்பத்தைச் சேர்த்து ஓட்டுங்கள், 138.50 1920 1968 2000 2080 1080 1083 1088 1111 என்று வரும், எல்லைக்குள் அடங்கும். விஜிஏ-வில் படம் பக்கவாட்டில் தள்ளி நின்றால் 148.5 1920 2008 2052 2200 1080 1084 1089 1125, இரண்டு குறியும் பிளஸ் என்று கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான மானிட்டர்களுக்குத் தெரிந்த நிலையான கணக்கு அது. பிறகு மானிட்டரில் உள்ள ஆட்டோ பட்டனை ஒருமுறை அழுத்துங்கள்.

இரண்டாவது, 1366×768. சி-வி-டி கணக்கில் அகலம் 8-ஆல் வகுபட வேண்டும், 1366 வகுபடாது. அதனால் 1368×768 என்று கொடுக்கும். இரண்டே புள்ளி வித்தியாசம்தான், ஆனால் மானிட்டர் 1368-ஐ 1366-க்குள் அடைக்கும்போது திரையில் சில இடங்களில் எழுத்து மங்கி, சில இடங்களில் தெளிவாக இருக்கும். இந்தப் பேனலுக்கு 85.5 1366 1436 1579 1792 768 771 774 798, இரண்டு குறியும் பிளஸ் என்பதே சரியான வரி.

மூன்றாவது, இணைப்பின் பெயர். ஒரே எச்டிஎம்ஐ துளை, பொதுவான மோட்செட்டிங் டிரைவரில் எச்டிஎம்ஐ-1, பழைய இன்டெல் டிரைவரில் கோடு இல்லாமல் எச்டிஎம்ஐ1, ஏஎம்டி டிரைவரில் எச்டிஎம்ஐ-ஏ-0, என்விடியாவில் எச்டிஎம்ஐ-0. வேறொருவர் எழுதிய வரியை அப்படியே ஒட்டினால் ஓடாமல் போவது இதனால்தான். எக்ஸ்ரேண்டரை வெறுமனே ஓட்டி, உங்கள் கணினி என்ன பெயர் சொல்கிறதோ அதை எடுங்கள். அந்தப் பட்டியலில் நட்சத்திரக் குறி இப்போது ஓடும் மோட். பிளஸ் குறி மானிட்டர் விரும்பும் மோட். இரண்டும் ஒரே வரியில் இருந்தால் எல்லாம் சரி. என்விடியாவின் சொந்த டிரைவர் நியூமோட்டை ஏற்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்படிச் சேர்த்தது மறுதுவக்கத்தில் மறைந்துவிடும். மூன்று கமாண்டையும் ஒரு ஸ்கிரிப்ட்டாக்கி, ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸில் 5 விநாடி தாமதத்தோடு சேர்ப்பது எளிது. தாமதம் இல்லாவிட்டால் சின்னமன் தன் சேமிப்பை அதற்குப் பின் ஏற்றி, நீங்கள் போட்டதை அழித்துவிடும். லாகின் திரையிலும் சரியாக வர வேண்டுமென்றால், ஈடிசி எக்ஸ்11-க்குள் எக்ஸ்ஆர்க்.கான்ஃப்.டி என்ற ஃபோல்டரை உருவாக்கி, மானிட்டர் பகுதி ஒன்றில் இணைப்பின் பெயர், மோட்லைன், பிரிஃபர்டு மோட் மூன்றையும் எழுதுங்கள். அந்தக் கோப்பில் ஒரு மேற்கோள் குறி விட்டுப்போனாலும் டெஸ்க்டாப் எழாது. எழுதும் முன்பே கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய்த் திரும்பிப் பழகிக்கொள்ளுங்கள். கோப்பை அங்கிருந்துதான் நீக்க வேண்டியிருக்கும்.

ஜன்னலில் செய்த மாற்றத்தாலேயே டெஸ்க்டாப் தெரியாமல் போனாலும் அதே எழுத்துத் திரைதான் துணை. ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் சின்னமன்-மானிட்டர்ஸ் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். அதை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவிட்டு மறுதுவக்கம் செய்யுங்கள். எல்லாம் முதல்நாள் நிலைக்கு வந்துவிடும்.

மற்ற டெஸ்க்டாப்கள்

மிண்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பில் டிஸ்ப்ளே ஜன்னல் எளிமையானது, 4.16-இலிருந்து மானிட்டர் விரும்பும் மோடுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போடுகிறது. சின்னமனும் இதைக் கற்றுக்கொள்ளலாம். அட்வான்ஸ்டு தாவலில் அலுவலகம், வீடு என்று தனித்தனி புரொஃபைல் சேமிக்கும் வசதி அருமை. ஆனால் 4.18-இல் ஸ்கேல் எண் தலைகீழ்: 2 கொடுத்தால் எல்லாம் சின்னதாகும், 0.5 கொடுத்தால்தான் பெரிதாகும்.

2024 பிப்ரவரியில் வந்த கேடிஇ பிளாஸ்மா 6 என்ற டெஸ்க்டாப், எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த வேலண்டில் ஓடுவதால், பின்ன அளவை ஏற்கும் செயலிகள் இரட்டிப்பாக வரைந்து சுருக்காமல் நேரடியாகவே வரைகின்றன. வேறுவேறு அடர்த்தியுள்ள இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் அதைத்தான் எடுக்க வேண்டும். சின்னமனின் வேலண்ட் அமர்வு 6.0-இலிருந்து இருந்தாலும் சோதனை நிலைதான். ஒன்றை மறக்க வேண்டாம், வேலண்டில் எக்ஸ்ரேண்டரின் நியூமோட் எதுவும் செல்லாது. அங்கே கர்னலுக்கே, வீடியோ என்ற அளவுருவில் எச்டிஎம்ஐ-ஏ-1, 1920×1080, 60 என்று சொல்லியாக வேண்டும்.

டிவியும் புரொஜெக்டரும்

டிவியில் மாட்டியதும் டெஸ்க்டாப்பின் அடியில் உள்ள பேனல் பட்டை பாதி வெட்டுப்பட்டால் ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள். பழைய ஒளிபரப்புக் காலத்துப் பழக்கத்தில் டிவி படத்தை ஓரங்களில் வெட்டிப் பெரிதாக்குகிறது. டிவி ரிமோட்டில் பிக்சர் சைஸுக்குப் போய் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட், 1:1 என்று எந்தப் பெயரில் இருக்கிறதோ அதைப் போடுங்கள். கறுப்பு நிறம் சாம்பலாக வெளிறித் தெரிந்தால், இன்டெல் சிப்பில் எக்ஸ்ரேண்டரின் செட் விருப்பத்தால் பிராட்காஸ்ட் ஆர்ஜிபி-யை ஃபுல் ஆக்குங்கள்.

4கே டிவி 30 ஹெர்ட்ஸிலேயே நின்று மவுஸ் இழுபடுகிறதா? 4கே 60-க்கு 594 மெகாஹெர்ட்ஸ் கிளாக் வேண்டும், எச்டிஎம்ஐ 1.4-இன் எல்லை 340. கணினியின் துளையே 1.4 என்றால் கேபிள் மாற்றிப் பயனில்லை. 2560×1440-இல் 60 வைப்பது நல்லது, அல்லது டிஸ்ப்ளேபோர்ட் துளை இருந்தால் அதிலிருந்து எச்டிஎம்ஐ 2.0 தரும் ஆக்டிவ் அடாப்டர் வாங்கலாம்.

வகுப்பறைப் புரொஜெக்டரில் சூப்பர் விசையும் (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) பி-யும் சேர்த்து அழுத்தினால் அமைப்புகள் ஒவ்வொன்றாக மாறும். மிரர், அதாவது இரண்டிலும் ஒரே படம், வைத்தால் இரண்டு திரைக்கும் பொதுவான ரெசல்யூஷனுக்கு, பெரும்பாலும் 1024×768-க்கு, லேப்டாப்பும் இறங்கிவிடும். லேப்டாப் 1366×768-இலேயே இருக்க வேண்டுமென்றால் எக்ஸ்ரேண்டரில் புரொஜெக்டருக்கு ஸ்கேல்-ஃப்ரம் 1366×768, சேம்-ஆஸ் லேப்டாப் திரை என்று கொடுக்கலாம். அப்போது அகலம் மட்டும் நெருக்கப்படுவதால் கணக்குப் பாடத்தில் வரைந்த வட்டம் நின்ற முட்டையாகத் தெரியும். வடிவியல் நடத்துகிறவர்கள் 1024×768-ஐயே ஏற்றுக்கொண்டு, லேப்டாப் திரையின் இருபுறமும் கறுப்புப் பட்டை விடுவது மேல்.